யாரும் அழுத்தாமல் வரும் எமர்ஜென்சி ஸ்டாப்: ஹாபி சிஎன்சியில் கோளாறைத் தேடும் விதம்

பொத்தானை யாரும் தொடவில்லை. ஆனால் திரையில் எமர்ஜென்சி ஸ்டாப் என்று வருகிறது, மெஷின் அசைய மறுக்கிறது. ஹாபி சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி வெட்டும் சிறிய மெஷின்) வைத்திருப்பவர்களில் பலர் என்றாவது ஒருநாள் இதைப் பார்ப்பார்கள். அப்போது சட்டென்று தோன்றும் வழி, கன்ட்ரோலர் போர்டில் இ-ஸ்டாப் (எமர்ஜென்சி ஸ்டாப்பின் சுருக்கம்) என்று குறித்திருக்கும் இரண்டு டெர்மினல்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. மெஷின் உடனே ஓடும், கோளாறு தீர்ந்ததுபோல இருக்கும். ஆனால் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆபத்து வந்தால் மெஷினை நிறுத்தும் வழிதான் போய்விட்டது.

ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான இ-ஸ்டாப் கோளாறுகளைக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் அந்தச் சுற்று எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

வயர் அறுந்தாலும் நிற்க வேண்டும்

பொத்தானின் பின்பக்கம் மாட்டியிருக்கும் கான்டாக்ட் இரண்டு வகை. பொத்தானை அழுத்தாதபோது மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது என்.சி. (நார்மலி குளோஸ்டு). அழுத்தாதபோது திறந்திருந்து, அழுத்தினால் மூடுவது என்.ஓ. (நார்மலி ஓப்பன்). இ-ஸ்டாப்புக்கு எப்போதும் என்.சி. கான்டாக்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். கன்ட்ரோலரிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பொத்தான் வழியாகப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும். அது வரும்வரை எல்லாம் சரி என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் ஓட்டம் நிற்கும், மெஷினும் நிற்கும். வயர் அறுந்தாலும், திருகு தளர்ந்தாலும், கனெக்டர் கழன்றாலும் அதேதான் நடக்கும்.

ஆக, காரணமில்லாமல் இ-ஸ்டாப் வருவது பெரும்பாலும் அந்தச் சுற்று தன் வேலையைச் சரியாகச் செய்வதன் அடையாளம். எங்கோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது, அதைச் சுற்று சொல்லிவிட்டது. என்.ஓ. கான்டாக்ட்டில் கட்டியிருந்தால் அறுந்த வயர் எந்தச் சத்தமும் போடாது. பொத்தான் தேவைப்படும் அந்த ஒரு நொடியில்தான் அது வேலை செய்யவில்லை என்பது தெரியும்.

எந்த டெர்மினல் எது என்பதைக் கான்டாக்ட்டின் மேல் உள்ள எண்களே சொல்லும். 11, 12 அல்லது 21, 22 என்று 1-இலும் 2-இலும் முடிபவை என்.சி. 13, 14 என்று 3-இலும் 4-இலும் முடிபவை என்.ஓ. நல்ல இ-ஸ்டாப் பொத்தான்களில் வட்டத்துக்குள் ஓர் அம்புக்குறி இருக்கும். உள்ளே கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டாலும், அழுத்தும் விசை ஸ்பிரிங்கை நம்பாமல் நேரடியாக அதைப் பிரித்துவிடும் என்பது அதன் பொருள். ஐஎஸ்ஓ 13850 தரநிலை கேட்பதும் இந்த வகைதான்: மஞ்சள் பின்னணியில் சிவப்புத் தலை, அழுத்தியதும் உள்ளேயே பூட்டிக்கொள்ளும் அமைப்பு. பூட்டை விடுவித்தால் மெஷின் தானாகக் கிளம்பக் கூடாது என்பதும் அதே தரநிலையில் இருக்கிறது. விடுவித்த பிறகு தனியாக ஒரு ரீசெட் கொடுத்தால்தான் கிளம்ப வேண்டும்.

நிறுத்தச் சொன்னது யார்?

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது. பல மெஷின்களில் இ-ஸ்டாப் சுற்றில் பொத்தான் மட்டும் இருக்காது. கையடக்க பென்டன்ட்டின் (மெஷினை நகர்த்தும் ரிமோட்) பொத்தான், கதவு சுவிட்ச், ஸ்பிண்டிலை (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) ஓட்டும் வி.எஃப்.டி. என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் பழுது ரிலே, மோட்டார் சொன்னபடி நகர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் குளோஸ்டு லூப் ஸ்டெப்பர் டிரைவர்களின் அலாரம் அவுட்புட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கட்டப்பட்டிருக்கலாம். இவற்றில் எது திறந்தாலும் திரையில் வருவது ஒரே செய்திதான். பொத்தானை எத்தனை முறை மாற்றினாலும், டிரைவர் கொடுக்கும் அலாரம் நிற்காது.

டிரைவர்மீது சந்தேகம் வந்தால் அதன் சிவப்பு விளக்கைப் பாருங்கள். எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதை எண்ணினால், காரணத்தை அதன் கையேடு சொல்லும். இன்னொரு தடயமும் உண்டு. மென்பொருளில் ரீசெட் கொடுத்தால் போகாமல், மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் மட்டும் போகிற இ-ஸ்டாப், டிரைவரிலிருந்தோ வி.எஃப்.டி.யிலிருந்தோ வர வாய்ப்பு அதிகம். அவை பழுதைப் பார்த்ததும் அதே நிலையில் பூட்டிக்கொண்டு நிற்கும். பொத்தானின் நிலையோ மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் மாறாது.

செய்தியின் எண்ணையும் ஊன்றிப் படிக்க வேண்டும். ஜிஆர்பிஎல் என்ற ஃபர்ம்வேரில் (கன்ட்ரோலர் போர்டுக்குள் ஏற்றிய மென்பொருள்) அலாரம் 1 என்றால் அச்சின் எல்லையில் இருக்கும் லிமிட் சுவிட்ச் தட்டியது. அலாரம் 3 என்றால் ஓட்டத்தின் நடுவில் ரீசெட் வந்தது. அதிலிருந்து வளர்ந்த ஜிஆர்பிஎல்-ஹாலில் அலாரம் 10 என்றால்தான் இ-ஸ்டாப். லிமிட் சுவிட்ச் கோளாறை இ-ஸ்டாப் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் தவறான வயரைத் தேடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது.

ஜிஆர்பிஎல் 1.1-ஐ அர்டுயினோ ஊனோ போர்டில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் இ-ஸ்டாப்புக்கென்று தனி பின் கிடையாது. பலரும் பயன்படுத்துவது ஏ0 பின்னில் இருக்கும் அபார்ட் (ரீசெட்) உள்ளீடு. அது வழக்கமான அமைப்பில் என்.ஓ. பொத்தானை எதிர்பார்க்கிறது, அதாவது அறுந்த வயர் தெரியாத அமைப்பு. என்.சி.க்கு மாற்ற வேண்டுமானால் கன்ஃபிக் கோப்பில் கன்ட்ரோல் பின்களைத் தலைகீழாக்கும் வரியை மாற்றி, ஃபர்ம்வேரைத் திரும்பவும் ஏற்ற வேண்டும். ஒருமுறை செய்தால் போதும், செய்யத் தகுந்த வேலை.

நிரந்தரமாக நின்றுபோன மெஷின்

மெஷின் எப்போதும் இ-ஸ்டாப்பிலேயே இருக்கிறது, எதற்கும் அசையவில்லை என்றால் அது நல்ல செய்தி. மாறாமல் இருக்கிற கோளாறைப் பிடிப்பது சுலபம்.

முதலில் பொத்தானைக் கடிகாரத் திசையில் திருப்பி முழுதாக வெளியே வந்துவிட்டதா பாருங்கள். தூசியோ மரத்தூளோ அடைத்துக்கொண்டு பாதியில் நிற்பது உண்டு. பென்டன்ட்டில் இன்னொரு பொத்தான் இருந்தால் அதையும் பாருங்கள். அப்புறம் பொத்தானை அழுத்தியும் விட்டும், மென்பொருளில் அந்த உள்ளீட்டின் நிலை மாறுகிறதா என்று கவனியுங்கள். கணினியில் ஓடும் கன்ட்ரோல் மென்பொருளான மாக்3-இல் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் எமர்ஜென்சி விளக்கு இருக்கும். அதே வகை மென்பொருளான லினக்ஸ்சிஎன்சியில், சிக்னலின் நிலையைக் காட்டும் ஹால்மீட்டரைத் திறந்து பார்க்கலாம். ஜிஆர்பிஎல்லில் கேள்விக்குறியை அனுப்பினால், எந்தெந்தப் பின் தூண்டப்பட்டிருக்கிறது என்பதும் பதிலில் வரும்.

நிலை மாறுகிறது, ஆனால் தலைகீழாக இருக்கிறது, அதாவது அழுத்தினால் சரி என்றும் விட்டால் நிறுத்து என்றும் காட்டுகிறது என்றால், வயரிங் நன்றாக இருக்கிறது. மென்பொருளில் துருவ அமைப்பு (எந்த நிலையை நிறுத்து என்று படிக்க வேண்டும் என்பது) மாறியிருக்கிறது, அல்லது கான்டாக்ட்டில் என்.ஓ. டெர்மினலில் வயர் போட்டிருக்கிறார்கள். மாக்3-இல் ஆக்டிவ் லோ என்ற தேர்வு, ஜிஆர்பிஎல்-ஹாலில் டாலர் 14 ($14) என்ற அமைப்பு ஆகியவை இதற்குத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிலை மாறவே இல்லை, எப்போதும் நிறுத்து என்றே காட்டுகிறது என்றால் துருவ அமைப்பில் கை வைக்காதீர்கள். வயர் அறுந்திருக்கும்போது அந்த அமைப்பைத் திருப்பிப் போட்டால் மென்பொருள் சமாதானமாகிவிடும், மெஷின் ஓடும். ஆனால் அறுந்த வயரைத்தான் அது எல்லாம் சரி என்று படித்துக்கொண்டிருக்கும். பொத்தானை எத்தனை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. துண்டு வயரால் இணைப்பதைவிட இது மோசம். துண்டு வயர் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. கான்டாக்ட் மூடியிருக்கிறது என்பதை மீட்டரில் பார்த்த பிறகுதான் துருவத்தைத் தொட வேண்டும்.

சரி, நிலை மாறவில்லை. இப்போது மீட்டர். மெஷினின் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். வி.எஃப்.டி. இருந்தால் அதன் கெப்பாசிட்டர்கள் மின்சாரம் போன பிறகும் உயிருக்கு ஆபத்தான வோல்ட்டேஜை வைத்திருக்கும். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். இ-ஸ்டாப் வயர்கள் இரண்டையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, அவற்றுக்கிடையே ஓம் அளவைப் பாருங்கள். பொத்தான் வெளியே இருக்கும்போது ஓரிரு ஓமுக்குள் வர வேண்டும், அழுத்தினால் முழுத் திறப்பு காட்ட வேண்டும். பீப் ஒலியை மட்டும் நம்பாதீர்கள். பல மீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். எண்ணைப் பார்க்க வேண்டும்.

அளவு சரியாக வந்தால் பொத்தானும் கேபிளும் குற்றமற்றவை, தேட வேண்டியது கன்ட்ரோலர் பக்கம். திறப்பு காட்டினால் பொத்தானுக்கே போய், கான்டாக்ட் டெர்மினலில் நேராக அளந்து, கெட்டது பொத்தானா கேபிளா என்று பிரிக்கலாம். அளந்துகொண்டே கேபிளை அங்கங்கே வளைத்து அசைத்துப் பாருங்கள். பென்டன்ட்டுக்குள் நுழையும் இடம், கேபிளைச் சுமந்து அச்சோடு நகரும் டிராக் செயினில் திரும்பும் இடம், திருகு டெர்மினலின் வாய் ஆகியவைதான் அதிகம் அறுபடும் இடங்கள். பல இழை வயரை அப்படியே திருகில் மாட்டினால் அதிர்வில் தளரும். முனையில் ஃபெருல் (சிறிய உலோகக் குழல்) அழுத்தி மாட்டினால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

தொடரில் பல பொருட்கள் இருந்தால் வோல்ட்டேஜைப் பின்தொடர்வது இன்னும் வேகமான வழி. வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் மதகிலிருந்து கரையோடு நடந்து உடைப்பைப் பார்ப்போம், அதே வேலைதான் இதுவும். கன்ட்ரோல் பக்கத்தின் 24 வோல்ட்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மீட்டரின் கறுப்பு முனையை 0 வோல்ட்டில் வைத்துவிட்டு, சிவப்பு முனையால் சப்ளையிலிருந்து ஒவ்வொரு டெர்மினலாகத் தொட்டுக்கொண்டே போங்கள். பொத்தானுக்கு உள்ளே போகும் இடத்தில் 24, வெளியே வரும் இடத்தில் 24, கதவு சுவிட்ச்சுக்கு உள்ளே 24, வெளியே 0 என்றால் குற்றவாளி கதவு சுவிட்ச். மெயின் மின்சாரம் ஓடும் டெர்மினல்கள் அதே பெட்டியில் திறந்து கிடந்தால் இதைச் செய்யாதீர்கள், ஓம் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் உள்ளீட்டு டெர்மினல்வரை வோல்ட்டேஜ் வந்தும் மென்பொருள் பார்க்கவில்லையென்றால் வயர்களைக் கணினியோடு இணைக்கும் பிரேக்அவுட் போர்டைக் கவனிக்க வேண்டும். உள்ளீடுகளுக்கு ஆப்டோகப்ளர் (மின் தொடர்பில்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் பாகம்) வைத்த போர்டுகள் பலவற்றில் அந்தப் பக்கத்துக்குத் தனியாக 12 முதல் 24 வோல்ட் கொடுக்க வேண்டும். யுஎஸ்பி வழியாகப் போர்டின் விளக்கு எரிகிறது என்பதால் எல்லாவற்றுக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக நினைத்துவிடுவோம். உள்ளீட்டுப் பக்கம் செத்துக் கிடந்தால் கன்ட்ரோலருக்கு அது அழுத்திய பொத்தான்தான். மாக்3 பயன்படுத்தும் பேரலல் போர்ட்டில் உள்ளீட்டுப் பின்கள் 10, 11, 12, 13, 15 ஆகிய ஐந்து. மென்பொருளில் எழுதிய எண்ணும் வயர் போயிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அவ்வப்போது வந்து போகும் நிறுத்தம்

வேலை முக்கால்வாசி முடிந்த நேரத்தில் நின்றுபோய், ரீசெட் கொடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும் கோளாறுதான் ஆளை வாட்டும். இதைத் தேடுவதற்கு மீட்டரைவிட நோட்டுப் புத்தகம் உதவும். நின்ற ஒவ்வொரு தடவையும் அந்த நொடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதி வையுங்கள்.

ஓர் அச்சு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போதெல்லாம் நிற்கிறதா? கேபிளுக்குள் வயர் ஒடிந்து, அந்த வளைவில் பிரிகிறது. வேகமாகத் திரும்பும்போதோ ஆழமாக வெட்டும்போதோ நிற்கிறதா? டிரைவர் அலாரமாக இருக்கலாம். மோட்டார் பின்தங்கிவிட்டதை டிரைவர் பார்த்திருக்கும். ஸ்பிண்டில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் என்றால் மின் இரைச்சல். கூலன்ட் பம்ப்போ ரிலேயோ மாறும் கணத்தில் என்றாலும் அதுவே. தூசி உறிஞ்சி ஓடும்போது, அதுவும் காற்று வறண்ட நாட்களில் என்றால் பிளாஸ்டிக் குழாயில் சேரும் நிலைமின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். குழாயின் உள்ளே வெறும் செம்புக் கம்பி ஒன்றை ஓட்டி எர்த்தில் கட்டுவது அதற்கு நடைமுறையில் இருக்கும் தீர்வு.

இரைச்சல் எப்படி இ-ஸ்டாப்பாக மாறுகிறது? ஊனோவில் இருக்கும் சிப்பின் உள்ளீட்டுப் பின் தனக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் நிற்கிறது. அதில் ஓடும் மின்னோட்டம் மில்லியாம்பியரில் கால் பங்கைத் தாண்டாது. இவ்வளவு மெல்லிய சிக்னலைச் சுமந்துகொண்டு ஒரு நீண்ட வயர் வி.எஃப்.டி.யின் மோட்டார் கேபிளோடு ஒட்டி ஓடினால், அந்தக் கேபிளில் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும் வோல்ட்டேஜ் இந்த வயரிலும் தூண்டலை உண்டாக்கும். கன்ட்ரோலருக்கு அந்தத் துடிப்பும் பொத்தானும் ஒன்றுதான். பெரிய பொத்தான்களின் கான்டாக்ட்டுகள் சில மில்லியாம்பியராவது ஓடும் என்று நினைத்துச் செய்யப்பட்டவை என்பது இன்னொரு பிரச்சினை. மிகக் குறைந்த மின்னோட்டத்தில், கான்டாக்ட் மேல் படியும் மெல்லிய படலத்தை உடைத்துக்கொண்டு சிக்னல் போகாமல் தடுமாறும். 24 வோல்ட்டில் ஆப்டோகப்ளர் வழியாக ஓட்டும் இ-ஸ்டாப் சுற்று இரண்டு விதத்திலும் உறுதியானது. போர்டு வாங்கும்போது நான் முதலில் தேடச் சொல்வது இந்த வசதியைத்தான்.

இருக்கிற போர்டோடு சமாளிக்க வேண்டுமானால், முதலில் வயர் போகும் பாதையைப் பிரியுங்கள். இ-ஸ்டாப் கேபிள் மோட்டார் கேபிள்களிலிருந்து தள்ளி ஓடட்டும், குறுக்கே போயே ஆக வேண்டிய இடத்தில் செங்கோணமாகத் தாண்டட்டும். போக வர இரண்டு வயரையும் முறுக்கி ஓட்டுங்கள். ஷீல்டு கேபிள் போட்டால் ஷீல்டைக் கன்ட்ரோலர் முனையில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையை விட்டுவிடுங்கள். கன்ட்ரோலரின் உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைப்பதும், வெளியே சில கிலோ ஓமில் ஒரு புல்-அப் சேர்ப்பதும் நன்றாக உதவும். டிசி ரிலே சுருள்களுக்குக் குறுக்கே ஒரு டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி. ஏசி சுருளாக இருந்தால் டயோடு கூடாது, ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) போட வேண்டும்.

மென்பொருளில் டிபவுன்ஸ் (இதைவிடக் குறுகிய துடிப்பைக் கண்டுகொள்ளாதே என்ற அமைப்பு) கூட்டுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். மாக்3-இல் அந்த எண் 40 மைக்ரோ விநாடிக் கணக்கில் வரும், 1000 என்று போட்டால் 40 மில்லி விநாடி. சில மில்லி விநாடி வடிகட்டல் யாருக்கும் தீங்கு செய்யாது. கோளாறு மறையும்வரை எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது தவறு, ஏனென்றால் அறுந்துகொண்டிருக்கும் வயரின் எச்சரிக்கையையும் அது சேர்த்து மறைத்துவிடும்.

அழுத்தினாலும் நிற்காத மெஷின்

மேலே சொன்னவை எல்லாம் மெஷினை நிறுத்தும் கோளாறுகள், அதனால் உங்கள் கவனத்துக்குத் தாமாக வந்துவிடும். எதிர்ப்பக்கக் கோளாறு வராது. அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

இது எப்படி நேரும்? கேபிள் நசுங்கி உள்ளே இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால், பொத்தான் திறந்தாலும் சுற்று மூடியே இருக்கும். பேனலில் மாட்டும் 22 மில்லிமீட்டர் பொத்தான்களில் கான்டாக்ட் பிளாக் தனியாகக் கிளிப்பில் நிற்கும். அது கழன்று விழுந்தால் பொத்தானின் தலை உள்ளே போகும், பூட்டிக்கொள்ளும், ஆனால் கீழே தொங்கும் என்.சி. கான்டாக்ட் மூடியே கிடக்கும். பிளாக் கழன்றதும் தானே சுற்றைத் திறந்துவிடும் வகைகளும் விற்பனைக்கு இருக்கின்றன. முடிந்தால் அதையே வாங்குங்கள். எப்போதோ சோதனைக்காகப் போட்ட துண்டு வயரை எடுக்க மறந்திருந்தாலும் இதே கதிதான்.

இன்னொன்று, பொத்தான் எதை நிறுத்துகிறது என்ற கேள்வி. பல ஹாபி மெஷின்களில் அது கன்ட்ரோலருக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. ஸ்பிண்டிலாக மாட்டியிருக்கும் கை ரவுட்டர் சுவரில் உள்ள சாக்கெட்டில் தனியாகச் செருகியிருக்கும். அழுத்தினால் அச்சுகள் நிற்கும், கட்டர் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கன்ட்ரோலர் உறைந்துபோனால் அச்சுகளும் நிற்காது. ஆகவே பொத்தானின் ஒரு கான்டாக்ட் கன்ட்ரோலருக்குச் செய்தி சொல்ல, இரண்டாவது என்.சி. கான்டாக்ட் ஒரு கான்டாக்டரின் (மெயின் மின்சாரத்தைத் திறந்து மூடும் பெரிய ரிலே) சுருளை விடுவித்து, ரவுட்டருக்கும் டிரைவர்களின் பவர் சப்ளைக்கும் போகும் மின்சாரத்தை வெட்ட வேண்டும். மெயின் மின்சார வேலை பழக்கமில்லையென்றால் இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். டிரைவருக்கும் ஸ்டெப்பர் மோட்டாருக்கும் இடையே உள்ள வயர்களை மட்டும் ஒருபோதும் வெட்டக் கூடாது. ஓட்டத்தின் நடுவே அது திறந்தால் டிரைவர் எரிந்துபோகலாம். வி.எஃப்.டி. ஸ்பிண்டில் மின்சாரம் போன பிறகும் சற்று நேரம் சுற்றும். பிரேக் இல்லாத கனமான இசட் அச்சு கீழே இறங்கலாம். அழுத்தியவுடன் கையை உள்ளே விடாதீர்கள்.

சோதிக்கும் வழி எளிது. கட்டரைக் கழற்றிவிட்டு, வெறும் காற்றில் ஓர் அச்சை நகரவிட்டு, பொத்தானை அழுத்துங்கள். பிறகு ஸ்பிண்டிலைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு அழுத்துங்கள். பென்டன்ட்டில் இருப்பதையும் தனியாகச் சோதியுங்கள். அழுத்திய நிலையில் மென்பொருளில் ரீசெட் கொடுத்துப் பாருங்கள், மெஷின் மறுக்க வேண்டும். பொத்தானை விடுவித்துவிட்டு, எதுவும் தானாகக் கிளம்பவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மாதம் ஒருமுறையும், வயரிங்கில் கை வைத்த ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யச் சொல்வேன்.

சோதனை முடிந்ததும் நேராக வேலைக்குப் போய்விடாதீர்கள். ஓட்டத்தின் நடுவில் மின்சாரம் வெட்டப்பட்ட ஸ்டெப்பர்கள் சில ஸ்டெப்புகளை இழந்திருக்கும், திரையில் தெரியும் எண்கள் உண்மையான இடத்தைக் காட்டாது. ஜிஆர்பிஎல்லில் டாலர்-எக்ஸ் ($X) கட்டளை பூட்டைத் திறக்குமே தவிர இடத்தைத் திருத்தாது. லிமிட் சுவிட்ச் இருந்தால் ஹோமிங் (அச்சுகளை அந்த சுவிட்ச்வரை நகர்த்தி இடத்தை மறுபடி அறியவைப்பது) செய்யுங்கள். இல்லையென்றால் வேலைப்பொருளின் பூஜ்ஜியத்தைக் கையால் மறுபடி தொட்டு வையுங்கள். முக்கியமாக இசட் அச்சுக்கு.